ஸ்டேஷன் வாசலில் போட்ட பந்தி

பெரிய நகரத்துப் போலீசைக் கண்காணிக்கப் பொதுமக்கள் குழு ஒன்று வேண்டுமா, வேண்டாமா என்று போன வாரம் டிவியில் நாலு பேர் கத்திக்கொண்டிருந்தார்கள். தலைவராக யாரைப் போடுவது, ரிட்டையர்டு நீதிபதியையா பேராசிரியரையா, அவருக்குக் கார் உண்டா, காருக்கு மேலே விளக்கு உண்டா என்று விவாதம் சூடாகப் போனது. நான் டிவியை அணைத்துவிட்டுப் பாதி உரித்த வெங்காயத்துக்குத் திரும்பினேன். அந்தக் குழுவை எங்கள் ஊரில் எப்போதோ அமைத்தாயிற்று. அதில் ஒரே ஒரு ஆள்தான். தலைவர், செயலாளர், உறுப்பினர் எல்லாம் அவரே. கார் கிடையாது, ஒரு சைக்கிள் உண்டு, அதற்கு விளக்கு எரியாது. கையில் ஒரு சாம்பார் வாளியும் கரண்டியும். எங்கள் ஊர் போலீஸ் அவருக்குப் பயந்த மாதிரி எந்த மந்திரிக்கும் பயந்ததில்லை என்று நான் சூடம் அணைத்துச் சத்தியம் செய்வேன்.

அவர் பெயர் பந்தி மாமா. சொந்தப் பெயர் வேறு உண்டு. ஸ்டேஷனுக்கு எதிரே ஜெராக்ஸ் கடை வைத்திருப்பவள் நான். அவருடைய ஆதார் கார்டை நகல் எடுத்துக் கொடுத்ததால் எனக்குத் தெரியும். ஆனால் அந்தப் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டால் அவரே திரும்பிப் பார்க்க மாட்டார். எந்த ஸ்டேஷன் என்று கேட்காதீர்கள். கம்பம் பள்ளத்தாக்கில் ஒரு ஸ்டேஷன், வாசலில் ஒரு வேப்பமரம், அவ்வளவுதான் சொல்வேன். நான் இன்னும் அங்கேதான் பிழைக்க வேண்டியிருக்கிறது.

மாமாவுக்குக் காமயகவுண்டன்பட்டிப் பக்கம் கொஞ்சம் திராட்சைத் தோட்டம். ஆனால் ஊர் அவரை அறிந்தது கல்யாண வீடுகளில். எங்கள் பக்கத்தில் பந்தி பார்ப்பதற்கென்று ஒரு ஆளைப் பிடித்துப் போடுவார்கள். இலை போட்டது முதல் எல்லோரும் எழுந்திருக்கும் வரை வரிசையில் நடந்து, யாருக்கு என்ன வரவில்லை என்று பார்ப்பதுதான் வேலை. மாமா அதில் ராஜா. மண்டபத்தின் இந்தக் கோடியில் நின்றுகொண்டு அந்தக் கோடியைப் பார்த்து, "ஏலே, சிவப்புச் சேலைக்குப் பக்கத்துல கூட்டு வைக்கல பாரு!" என்பார். போய்ப் பார்த்தால் கூட்டு இருக்காது. பின்பக்கச் சுவருக்கு அந்தாண்டை நின்று வாசனையிலேயே யாருக்கு ரசம் வரவில்லை என்று சொல்வார் என்றும் ஒரு பேச்சு உண்டு. நான் பார்த்ததில்லை, ஆனால் நம்புகிறேன்.

அவரிடம் ஒரு சட்டம் உண்டு. கடைசி இலைக்கும் ஆள் வந்து உட்கார்ந்து, எல்லாம் பரிமாறி, அவர் "ம், ஆகட்டும்" என்று சொல்லும் வரை எவரும் இலையில் கை வைக்கக் கூடாது. ஒரு கல்யாணத்தில் மாப்பிள்ளையின் பெரியப்பா பொறுக்க முடியாமல் அப்பளத்தை நொறுக்கிவிட்டார். மாமா நொறுங்கிய அப்பளத்தை எடுத்துவிட்டு முழு அப்பளம் ஒன்றை வைத்துவிட்டுப் போனார். அந்தப் பெரியப்பா அதற்கப்புறம் எந்தக் கல்யாணத்திலும் அப்பளத்தைத் தொடவில்லை.

ஆனால் மாமா மட்டும் பந்தியில் உட்கார மாட்டார். எல்லோரும் போன பிறகு சமையல்கட்டில் கவிழ்த்துப் போட்ட அண்டாவின் மேல் உட்கார்ந்து, வலது காலை நீட்டிக்கொண்டு, தட்டில் போட்டுச் சாப்பிடுவார். என் கடை பெஞ்சிலும் அதே கதைதான், கால் ரோட்டுக்கு நீண்டிருக்கும். டவுன் பஸ் டிரைவர் ஹாரன் அடித்து, "மாமா, காலை எடுங்க, பஸ் போகணும்!" என்று கத்துவார். "ரோடு எம்புட்டு அகலம் கெடக்கு, ஒதுங்கிப் போப்பா" என்பார் இவர். சைக்கிளையும் அவர் ஓட்டி யாரும் பார்த்ததில்லை. ஹேண்டில்பாரில் வாளியை மாட்டித் தள்ளிக்கொண்டேதான் வருவார். சாம்பார் சிந்திவிடும் என்று தள்ளுகிறார் போல என்று நாங்கள் நினைத்துக்கொண்டோம். காலை நீட்டி உட்காருவதைத் திமிர் என்றது ஊர்.

இப்படிப்பட்டவர் ஸ்டேஷனுக்குள் நுழைந்ததும் ஒரு கல்யாணத்தால்தான். முகூர்த்தம் முடிந்து பந்தி நடந்துகொண்டிருக்கிறது, பொண்ணின் தாய்மாமனைக் காணோம். பஸ் ஸ்டாண்டில் யாருடனோ கைகலப்பு, போலீஸ் கூட்டிக்கொண்டு போய்விட்டது என்று தகவல் வந்தது. ஆளாளுக்கு எந்தக் கட்சிக்காரருக்குப் போன் போடலாம் என்று யோசிக்க, மாமா வாழையிலையைச் சுருட்டிக் கக்கத்தில் வைத்தார், வாளியை எடுத்தார். "எங்க பந்தியில ஒரு ஆளு கொறையுதுப்பா" என்று சொல்லிக்கொண்டே நேராக ஸ்டேஷனுக்குள் போய்த் தரையில் இலையைப் போட்டு, "சம்மணம் போட்டு உக்காரு மாப்ள" என்றார். தாய்மாமனால் உட்கார முடியவில்லை. சுவரைப் பிடித்தார், முழங்காலைப் பிடித்தார், முகத்தைச் சுளித்தார்.

மாமா ஏட்டையாவின் பக்கம் திரும்பினார். "ஏட்டையா, காலையில இவரு நல்லாத்தான உக்காந்து இட்லி சாப்பிட்டாரு? இங்கன வந்து என்னத்துக்கு உக்கார மாட்டேங்கிறாரு?"

"பாத்ரூம்ல வழுக்கி விழுந்துட்டாரு மாமா."

"அப்படியா? நம்ம ஊர்லயே ஆளுக வழுக்கி விழுகிற பாத்ரூம் இது ஒண்ணுதான் போல."

அதோடு விட்டிருந்தால் அது வெறும் குத்தல் பேச்சு. மறுநாள் காலையில் மாமா சைக்கிளில் பிளீச்சிங் பவுடர், நீளக் கட்டை போட்ட தென்னந்துடைப்பம், ஒரு கட்டு பழைய சாக்கு எல்லாம் கட்டிக்கொண்டு வந்தார். யாரையும் கேட்காமல் உள்ளே போய் ஸ்டேஷன் பாத்ரூமைத் தேய்த்துக் கழுவினார். பாசி ஒரு துளி இல்லை. ஈரம் போகச் சாக்கால் ஒற்றி எடுத்து, வாசலில் இன்னொரு சாக்கை விரித்தார். ஏட்டையாவைக் கூப்பிட்டு, "நடந்து பாருங்க" என்றார். அவர் நடந்தார். "வழுக்குதா?" "இல்ல மாமா." "இனிமே யாரும் வழுக்க மாட்டாக, அப்படித்தான?" ஏட்டையா தலையை மட்டும் ஆட்டினார். அன்றிலிருந்து வாரா வாரம் மாமாதான் கழுவுவார். அந்த பாத்ரூமில் அதற்கப்புறம் ஒருத்தரும் வழுக்கவில்லை.

மதியச் சாப்பாடும் அன்றே ஆரம்பம். உள்ளே யார் இருந்தாலும் சரி, புகார் கொடுக்க வந்தவர், பிடித்து வந்தவர், காத்திருப்பவர், காக்கிச் சட்டை, எல்லோருக்கும் தரையில் ஒரே வரிசையில் இலை. "நாற்காலியில உக்காந்து திங்கிறவுகளுக்கு எங்கிட்டச் சோறு கெடையாது" என்று சொல்லிவிட்டார். அத்தை, அதாவது மாமாவின் மனைவி, வைக்கும் ரசத்துக்காகப் போலீஸ்காரர்கள் பெல்ட்டைத் தளர்த்திக்கொண்டு தரையில் உட்கார்ந்தார்கள். ஏட்டையாவுக்கு ரசம் இரண்டு தடவை வேண்டும்.

எனக்குச் சூட்சுமம் புரியக் கொஞ்ச நாள் ஆயிற்று. மாமா யாரிடமும் எதுவும் கேட்க மாட்டார். உள்ளங்காலில் அடி வாங்கியவர் சம்மணம் போடத் தடுமாறுவார். கையில் வாங்கியவர் சோற்றைப் பிசைய மாட்டார். முதுகில் வாங்கியவர் இலைக்குக் குனிய மாட்டார். மாமா வரிசையில் நடந்து, சாம்பாரை ஊற்றிக்கொண்டே பார்த்துவிடுவார். ஏதாவது தெரிந்தால் அந்த இடத்தில் நின்றுவிடுவார். நின்றுகொண்டே இருப்பார். மொத்த வரிசையும் திரும்பி அந்த ஆளைப் பார்க்கும், அப்புறம் ஏட்டையாவைப் பார்க்கும். ரசம் வராது. எந்தப் பெரிய அதிகாரி வந்து சோதனை போட்டாலும் அந்த ஏட்டையாவுக்கு அப்படி வியர்த்திருக்காது. கொஞ்சம் கொஞ்சமாக எங்கள் ஸ்டேஷனில் கை நீட்டுகிற பழக்கமே போய்விட்டது.

அப்போதுதான் புதிதாக ஒரு எஸ்.ஐ. வந்தார். வேறு மாவட்டத்து ஆள், இளரத்தம், மீசைக்கே தனியாகச் சல்யூட் வைக்கலாம். அவர் வந்த முதல் நாள் மாமா வெள்ளை வேட்டி, வெள்ளைச் சட்டை, தோளில் துண்டோடு உள்ளே நுழைந்து, "எல்லாம் ஒழுங்கா நடக்குதாப்பா?" என்று கேட்டிருக்கிறார். எஸ்.ஐ. யாரோ மாஜி எம்.எல்.ஏ. என்று நினைத்து எழுந்து நின்றுவிட்டார்.

"வாங்க சார், வாங்க. சொல்லியிருந்தீங்கன்னா ஜீப் அனுப்பியிருப்பேனே?"

"ஜீப்பு எதுக்குப்பா, சாம்பார் சிந்திரும்."

அதைப் பெரிய மனிதர்களின் நகைச்சுவை என்று எடுத்துக்கொண்டு எஸ்.ஐ. விழுந்து விழுந்து சிரித்தார். லாக்கப்பைக் காட்டினார், கேமராவைக் காட்டினார். "பாத்ரூமையும் ஒரு பார்வை பார்த்துடுங்க சார்" என்றார். "அதை நாந்தானப்பா கழுவுறேன்" என்றார் மாமா. என்ன ஒரு எளிமை என்று எஸ்.ஐ.க்குக் கண் கலங்கிவிட்டதாம். அப்புறம் மாமா வெளியே போய் சைக்கிளிலிருந்து வாளியை எடுத்து வந்து, "உக்காருங்க சார், இலை போடுறேன்" என்றபோதுதான் ஏட்டையா அவர் காதில் விஷயத்தைச் சொன்னார். எஸ்.ஐ.யின் முகத்தை நான் எதிர்க்கடையிலிருந்தே பார்த்தேன். காய்ந்த மிளகாய் நிறம். "நாளையிலேர்ந்து இந்த ஆள் காம்பவுண்டுக்குள்ள கால் வைக்கக் கூடாது!" என்ற சத்தத்தில் என் கடைக் கண்ணாடி அதிர்ந்தது.

மறுநாளிலிருந்து மாமா மதியம் வந்து கேட்டுக்கு வெளியே சைக்கிளோடு நின்றுவிட்டுப் போவார். போலீஸ்காரர்கள் பொட்டலச் சோற்றைத் தின்றுவிட்டு வயிற்றைப் பிடித்துக்கொண்டு அலைந்தார்கள். ஏட்டையா குச்சனூருக்குப் போய் எள் விளக்குப் போட்டுவிட்டு வந்தார். இந்தச் சனி எப்போது விலகும் என்று என்னிடமே வாய்விட்டுக் கேட்டார். எனக்குச் சிரிப்பாகத்தான் இருந்தது, என் தம்பியைப் பிடித்துக்கொண்டு போகும் வரை.

என் தம்பி செல்வம் குட்டியானை லோடு வண்டி ஓட்டுகிறான். ஒரு தோட்டத்துக்காரரின் கிணற்று மோட்டார் காணாமல் போயிருக்கிறது. அது இவன் வண்டியில் போனதை யாரோ பார்த்திருக்கிறார்கள். காலையிலேயே ஜீப் வந்து அவனை ஏற்றிக்கொண்டு போனது. நான் கடையைப் போட்டது போட்டபடி ஓடினேன். "விசாரிச்சிட்டு அனுப்புவோம், போம்மா" என்றார் எஸ்.ஐ. வக்கீலுக்குப் போன் போட்டால் அவர் உத்தமபாளையம் கோர்ட்டில் கேஸ் நடத்திக்கொண்டிருக்கிறார், சாயங்காலம்தான் வருவாராம். இருபதடி அகல ரோட்டுக்கு அந்தப் பக்கம் என் தம்பி. உள்ளே என்ன நடக்கிறது என்று தெரியவில்லை. அடி தாங்குகிற உடம்பு இல்லை அவனுக்கு. சின்ன வயதில் ஊசி போட்டாலே மயங்கி விழுகிறவன்.

மாமா பெஞ்சில் உட்கார்ந்திருந்தார். "மாமா, செல்வத்தை உள்ள வச்சிருக்காக" என்றேன், அழுதுகொண்டே.

"சாப்பிட்டானா?"

"மாமா!"

"சாப்பிட்டானான்னு கேட்டேன்த்தா."

"காலையில பல்லு விளக்கிக்கிட்டு இருந்தவனக் கூட்டிட்டுப் போனாக."

"சரி. நான் போயிச் சோறு வடிச்சிட்டு வாரேன்."

எனக்கு வந்ததே கோபம்! "அவனப் போட்டு அடிக்கப் போறாக, நீங்க சோறு வடிக்கப் போறீகளா?" என்று ரோட்டில் நின்று கத்தினேன். அவர் திரும்பிப் பார்க்காமல் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு போனார்.

மதியம் திரும்பி வந்தார். காம்பவுண்டுக்குள் கால் வைக்கவில்லை. வெளியே வேப்பமர நிழலைக் கூட்டி, தண்ணீர் தெளித்து, வரிசையாக இலை போட்டார். ரசத்தின் வாசம் காம்பவுண்டைத் தாண்டியது. முதலில் ஏட்டையா வந்தார். அப்புறம் கான்ஸ்டபிள்கள். அப்புறம் மனுக் கொடுக்க வந்தவர்கள். கடைசியில் மோட்டாரைப் பறிகொடுத்த தோட்டத்துக்காரரும் வந்து உட்கார்ந்தார். அவர் பக்கத்தில் ஒரு இலை காலியாகக் கிடந்தது. மாமா எல்லா இலையிலும் சோறு வைத்தார், சாம்பார் ஊற்றினார், அப்பளம் வைத்தார். அந்த ஆளில்லாத இலையிலும் வைத்தார். பிறகு வாளியைக் கீழே வைத்துவிட்டு நிமிர்ந்தார்.

"ஒரு இலைக்கு ஆள் வரல. செல்வம் வரணும். வர்ற வரைக்கும் யாரும் கை வைக்காதீக."

ஒருவரும் கை வைக்கவில்லை. எப்படி வைப்பார்கள்? அத்தனை பேரும் மாமாவின் பந்தியில் உட்கார்ந்து வளர்ந்தவர்கள். எழுந்து போகவும் முடியாது. போட்ட இலையை விட்டு எழுந்தால் வீட்டுக்கு ஆகாது என்று எங்கள் பக்கத்தில் பச்சைப் பிள்ளைக்கும் தெரியும். சோற்றிலிருந்து ஆவி பறக்கிறது, அப்பளம் நமத்துப் போகிறது, ஒரு ஸ்டேஷன் முழுக்கத் தரையில் சம்மணம் போட்டுக் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறது. காமயகவுண்டன்பட்டி டவுன் பஸ் நின்று வேடிக்கை பார்த்தது.

எஸ்.ஐ. வெளியே வந்தார். "என்னய்யா இது? எந்திரிங்கய்யா!"

"எந்திரிக்க முடியாதுங்கய்யா" என்றார் ஏட்டையா. "இலை போட்டாச்சு."

"அப்ப சாப்பிட்டுத் தொலைங்க!"

"ஒரு ஆளு வரணுங்கய்யா."

எஸ்.ஐ. மாமாவிடம் போய், "யோவ், அரசாங்க வேலையைத் தடுக்கிறீயா? உள்ள வச்சிருவேன்!" என்றார்.

"வைங்க சார். இலைய உள்ள மாத்திப் போட்டுக்கிறோம்."

புகார் கொடுத்த தோட்டத்துக்காரருக்கே பொறுக்கவில்லை. "அய்யா, அந்தப் பயல வரச் சொல்லுங்க. மோட்டாரு எங்கயும் ஓடிறாது. சோறு ஆறுது" என்றார்.

எஸ்.ஐ. வரிசையை ஒரு தடவை பார்த்தார். பஸ்ஸைப் பார்த்தார். பஸ் ஜன்னல்களில் செல்போன்கள் நீண்டிருப்பதையும் பார்த்தார். உள்ளே போனார். நான் கடை வாசலில் ஷட்டரைப் பிடித்துக்கொண்டு நின்றேன். கொஞ்ச நேரத்தில் செல்வம் வெளியே வந்தான். சட்டைப் பொத்தான் எல்லாம் கழன்று கிடந்தது.

"சம்மணம் போட்டு உக்காருப்பா" என்றார் மாமா.

செல்வம் குனிந்தான். ஒரு காலை மடக்கினான். இன்னொரு காலையும் மடக்கினான். நன்றாக, பள்ளிக்கூடத்தில் உட்காருகிற மாதிரி உட்கார்ந்தான். மாமா என் பக்கம் திரும்பி ஒரு தடவை தலையை ஆட்டினார். நான் அப்படியே கடைப் படியில் உட்கார்ந்துவிட்டேன்.

"ம், ஆகட்டும்" என்றார் மாமா. அத்தனை கைகளும் ஒரே நேரத்தில் இலைக்குப் போயின.

சட்டையைக் கழற்றிவிட்டுப் பின்னால் இருக்கிற ரூமுக்கு வா என்று எஸ்.ஐ. சொன்ன நேரத்தில்தான் ரசம் மணத்ததாம். பிறகு செல்வம் என்னிடம் சொன்னான்.

கேஸும் அந்தப் பந்தியிலேயே முடிந்தது. இரண்டாவது சோற்றுக்கு அப்புறம் தோட்டத்துக்காரர் பக்கத்தில் இருந்த செல்வத்தைப் பார்த்து, "ஏலே, என் மோட்டாரத் தூக்கிட்டுப் போயி எங்கனடா எறக்குன?" என்று கேட்டார்.

"உத்தமபாளையத்துல, மோட்டாருக்குக் காயில் கட்டுற ரிப்பேர் கடையில. உங்க மச்சினன்தான மோட்டாரு எரிஞ்சு போச்சுன்னு வண்டிக்குச் சொன்னாரு? கூடவே வந்தாரே!"

தோட்டத்துக்காரரின் கை மோர்ச் சோற்றிலேயே நின்றுவிட்டது. மாமா மட்டும் நிற்காமல் அவருக்கு ஊறுகாய் வைத்துவிட்டுப் போனார். மனுவை வாபஸ் வாங்கிக்கொண்டு அவர் மச்சினனைத் தேடிக் கிளம்பினார். அதைப் போலீஸ் விசாரிக்கவில்லை, அவருடைய சம்சாரமே விசாரித்துக்கொண்டது. எஸ்.ஐ. அன்றைக்குச் சாப்பிடவில்லை. மறுநாளும் சாப்பிடவில்லை. அதற்கடுத்த நாள் மாமா அவருக்கும் ஒரு இலை போட்டு, "பசியோட இருந்தா கோவம் வரும் சார், உக்காருங்க" என்றார். மீசை ரசத்தில் படாமல் எப்படிச் சாப்பிடுவது என்பது மட்டும்தான் அதற்கப்புறம் அவருக்குப் பிரச்சினை.

போன தை மாதம் செல்வத்துக்குக் கல்யாணம். மண்டபத்தில் மேஜை நாற்காலி இருந்தது. அதெல்லாம் வேண்டாம், முதல் பந்தி தரையில்தான், மாமா நடுவில் உட்கார்ந்துதான் ஆகணும், நான் பரிமாறுவேன் என்று செல்வம் ஒற்றைக்காலில் நின்றான். மாமா மாட்டேன் என்றார். "நான் கடைசியாச் சாப்பிடுறவன்ப்பா, என்னைய விடு." இவன் விடவில்லை. தோளைப் பிடித்து அழுத்தி உட்கார வைத்தான்.

மாமா உட்கார்ந்தார். இடது கால் மடங்கியது. வலது கால் மடங்கவில்லை. கையால் முழங்காலைப் பிடித்து அழுத்திப் பார்த்தார். அது அப்படியே நீண்டு கிடந்தது. நெற்றியில் வியர்த்துவிட்டது. எதிரில் அப்பளக் கூடையோடு நின்ற நான் அவரைப் பார்த்தேன். இத்தனை வருஷம் என் கடை பெஞ்சில் நீண்டிருந்த கால். ஓட்டாத சைக்கிள். ஸ்டேஷனில் இத்தனை பேர் சம்மணம் போடுவதைப் பார்த்துப் பார்த்து நின்ற மனுஷன்.

என் முகத்தைப் பார்த்து அவரே சொன்னார், சின்னக் குரலில், ஏதோ உப்பு குறைவு என்று சொல்வது போல. "எனக்குக் கல்யாணம் ஆகாத வயசுத்தா. சந்தேகத்துல ஸ்டேஷனுக்குக் கூட்டிட்டுப் போனாக. அப்ப அங்கன பந்தி பாக்க ஆளு இல்ல."

செல்வம் அப்பளக் கூடையை என் கையிலிருந்து வாங்கிக்கொண்டான். நான் போய் அவருக்கு வலது பக்கம் போட்டிருந்த இலையை எடுத்தேன். அந்த இடத்துக்காரரைத் தள்ளி உட்காரச் சொன்னேன், வரிசை முழுவதும் நகர்ந்து இடம் விட்டது. "காலை நல்லா நீட்டிக்கோங்க மாமா" என்றேன். நீட்டிக்கொண்டார். சோறு வைத்த உடனே கழுத்தைத் திருப்பிக் கோடி வரைக்கும் பார்த்து, "ஏலே, அங்கன கண்ணாடி போட்டவுகளுக்குக் கூட்டு வரல!" என்றார்.

இப்போதெல்லாம் எங்கள் வீட்டில் என்ன விசேஷம் என்றாலும் முதல் பந்தியில், நடுவில், இரண்டு ஆள் உட்காருகிற இடத்துக்கு ஒரே இலைதான் போடுகிறோம். மாமா காலை நீட்ட வேண்டும்.